அந்த எண்ணெயில் வேறு என்ன பொரித்தீர்கள்?

நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் தொழில். ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு ஊர்களுக்காவது போக வேண்டியிருக்கும். சில ஊர்களில் இரண்டு நாள் வேலை, சிலவற்றில் மூன்று வாரம். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் எனக்குச் சீலியாக் நோய் இருப்பது உறுதியானது. அன்றிலிருந்து கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களும் எனக்கு ஆகாது. அவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், என் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே என் சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கத் தொடங்கிவிடும். இதைத் தீர்க்கும் மருந்து இல்லை. வாழ்நாள் முழுவதும் அந்தத் தானியங்களை விலக்குவதுதான் சிகிச்சை. உலகில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இந்த நோய் உண்டு. அவர்களில் பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது.

நோய் தெரிந்த பிறகு போன முதல் வெளியூர் வேலையில், ஓர் உணவகத்தில் உட்கார்ந்து "இதில் கோதுமை இருக்கிறதா?" என்று கேட்டேன். பரிமாறியவர் "இல்லை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. வந்தது வெறும் உருளைக்கிழங்கு வறுவல். உருளைக்கிழங்கும் உப்பும் எண்ணெயும் மட்டுமே. அன்றிரவு முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் கழித்து அங்கே போய் நிதானமாக விசாரித்தபோது விஷயம் புரிந்தது. கோதுமை மாவில் தோய்த்த மீனைக் காலையிலிருந்து அதே எண்ணெயில்தான் பொரித்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் எவ்வளவு கொதித்தாலும் குளூட்டன் அழியாது.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. தவறு என் கேள்வியில் இருந்தது. தணிக்கைக்குப் போகும் இடத்தில் "கணக்கு சரியாக இருக்கிறதா?" என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. "ஏப்ரல் மாத ரசீதுகளை எடுங்கள்" என்றுதான் கேட்பேன். சாப்பாட்டு மேசையில் மட்டும் ஏன் அந்த வழக்கத்தை விட்டேன்? அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன்: ஆம், இல்லை என்று பதில் சொல்லிவிட முடியாதபடி கேட்க வேண்டும். "இதை எப்படிச் செய்வீர்கள்?", "குழம்பைக் கெட்டியாக்க என்ன சேர்ப்பீர்கள்?", "அந்த எண்ணெயில் வேறு என்ன பொரித்தீர்கள்?" இப்படிக் கேட்டால் சமையல்காரர் தன் அடுப்பை மனத்தில் ஓட்டிப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அப்போது அவருக்கே ஏதாவது நினைவுக்கு வரும். "அடடா, அந்தப் பொடியில் மாவு கலந்திருக்கும்" என்று அவர்களே சொல்லி நிறுத்திய தட்டுகள் எத்தனையோ.

அடுத்துச் சொல்வதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக நோய் தெரிந்தவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். வெளியூரில் நான் ஆர்கானிக் பொருள்களையும், அதாவது இயற்கை வேளாண்மையில் விளைந்தவற்றையும், தேடுவதுண்டு. ஆனால் ஆர்கானிக் என்பதும் குளூட்டன் இல்லாதது என்பதும் வெவ்வேறு வாக்குறுதிகள். ஆர்கானிக் என்ற சொல் பயிர் எப்படி வளர்ந்தது என்பதைச் சொல்கிறது. அது எந்தப் பயிர் என்பதைச் சொல்வதில்லை. ரசாயன உரமே காணாத கோதுமையும் கோதுமைதான். ஆர்கானிக் கடைகளின் ரொட்டி அலமாரியில் ஸ்பெல்ட், காமுட், எம்மர் என்று அழகான பெயர்களில் பழங்காலத் தானியங்கள் இருக்கும். மூன்றுமே கோதுமை இனம். "வயிற்றுக்கு இதமானது" என்று விற்பவர் மனதாரச் சொல்வார். நமக்கு அது நஞ்சு. அதே கடையில் மூடி போட்ட பெட்டிகளில் தானியங்களையும் பருப்புகளையும் கொட்டி வைத்து, வேண்டிய அளவு அள்ளிக்கொள்ளச் சொல்லும் பகுதி இருக்கும். கோதுமை மாவுப் பெட்டியில் கிடந்த கரண்டி அடுத்த நிமிடம் அரிசிப் பெட்டிக்குள் போகும். எவ்வளவு தூய்மையான விளைபொருளாக இருந்தாலும் அந்தப் பகுதியில் நான் எதையும் வாங்குவதில்லை.

ஆகவே என் வரிசை இது: முதலில் குளூட்டன் இல்லாதது, பிறகு ஆர்கானிக். இரண்டும் சேர்ந்து கிடைத்தால் மகிழ்ச்சி. சேரவில்லை என்றால் சாதாரணமாக விளைந்த உருளைக்கிழங்கை வேகவைத்துச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. அறை பதிவு செய்யும்போது சிறிய அடுப்பும் குளிர்பதனப் பெட்டியும் உள்ள இடமாகப் பார்க்கிறேன். வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. காலை உணவு ஒன்றை நாமே செய்துகொண்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். பிறகு போகிற நாட்டில் சீலியாக் நோயாளிகளுக்கான சங்கம் இருக்கிறதா என்று தேடுவேன். பல நாடுகளில் இருக்கிறது. சில சங்கங்கள் உணவகங்களுக்குப் பயிற்சி கொடுத்து, தேறிய இடங்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியலை எந்த விளம்பரத்தைவிடவும் நம்புவேன்.

உணவகங்களைப் பற்றி மக்கள் எழுதிய கருத்துகளைப் படிக்கும்போது 'குளூட்டன்' என்ற சொல்லைவிட 'சீலியாக்' என்ற சொல்லைத் தேடுங்கள். உடல் இளைக்கக் கோதுமையைத் தவிர்ப்பவருக்கு ஒரு துணுக்கு கலந்தால் ஒன்றும் ஆகாது. அவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போவார். நோய் உள்ளவர் எழுதியதில் "தனி எண்ணெய்ச் சட்டி வைத்திருக்கிறார்கள்", "சாப்பிட்ட பிறகு எனக்கு ஒன்றும் ஆகவில்லை" போன்ற வரிகள் இருக்கும். அவைதான் சாட்சியம். ஓராண்டுக்கு முந்தைய கருத்துகளை நான் கணக்கில் எடுப்பதில்லை. சமையல்காரர் மாறினால் சமையலறையே மாறிவிடும்.

மூன்று நான்கு இடங்களைத் தேர்ந்துகொண்டு தொலைபேசியில் அழைக்கிறேன். நேரம் முக்கியம். மதியக் கூட்டம் கலைந்து இரவு வேலை தொடங்காத பிற்பகல் மூன்று மணி வாக்கில் அழைத்தால், சமையலறையில் இருப்பவரே பேசுவார். இரவு எட்டு மணிக்கு அழைத்தால் "எல்லாம் பார்த்துக்கொள்ளலாம், வாருங்கள்" என்ற பதில்தான் கிடைக்கும். அந்தப் பதில் வந்த இடத்துக்கு நான் போவதில்லை. "எங்களால் உறுதி சொல்ல முடியாது" என்று சொல்பவருக்கு மனமார நன்றி சொல்வேன். நேர்மையான மறுப்பு எனக்கு இரண்டு நாள் நோவை மிச்சப்படுத்துகிறது.

மொழி தெரியாத ஊர் என்றால் ஓர் அட்டை தேவை. மொழிபெயர்ப்புச் செயலியை மட்டும் நம்பி அதை எழுதாதீர்கள். ரை என்ற தானியத்தைத் தமிழில் 'கம்பு' என்று மொழிபெயர்த்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். கம்பில் குளூட்டன் கிடையாது. அது வேறு தானியம். தமிழிலேயே இப்படி என்றால் மற்ற மொழிகளில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். நோயின் பெயரைச் சமையல்காரர் கேள்விப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே மருத்துவச் சொற்களைக் குறைத்து, அவர் கையில் தினமும் புழங்கும் பொருள்களின் பெயர்களை எழுதுங்கள். என் அட்டையில் இருப்பது இது:

"எனக்கு ஒரு குடல் நோய் இருக்கிறது. கோதுமை, பார்லி, ரை, சாதாரண ஓட்ஸ் இவற்றில் ஒரு துளி பட்டாலும் உடம்பு கெட்டுவிடும். மாவு, ரொட்டித்தூள், சோயா சாஸ், மால்ட், சூப்புக் கட்டி ஆகியவற்றைச் சேர்க்க வேண்டாம். மாவு பட்ட எண்ணெய், தண்ணீர், பலகை, கரண்டி வேண்டாம். அரிசி, சோளம், உருளைக்கிழங்கு, முட்டை, மீன், இறைச்சி, காய்கறி, பழம், பால் எனக்கு ஒத்துக்கொள்ளும். கழுவிய சட்டியில் செய்து தந்தால் மிகவும் நன்றியுடன் சாப்பிடுவேன்."

ஒத்துக்கொள்ளும் பொருள்களின் வரியை விட்டுவிடாதீர்கள். கூடாதவற்றை மட்டும் படிக்கும் சமையல்காரர் மிரண்டுவிடுகிறார். எதைச் செய்து தரலாம் என்று தெரிந்தவுடன் அவர் முகம் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஓட்ஸைச் சேர்த்ததற்குக் காரணம், சாதாரண ஓட்ஸில் பெரும்பாலும் கோதுமையோ பார்லியோ கலந்திருக்கும் என்பது. சோயா சாஸைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதற்கும் காரணம் உண்டு. பெயரில் சோயா இருந்தாலும் பெரும்பாலான வகைகளில் கோதுமையும் சேர்கிறது. சமையல்காரர்களில் பலர் இதை அறியார்கள். தமாரி என்ற வகையில் பொதுவாகக் கோதுமை இல்லை அல்லது மிகக் குறைவு. அதையும் சீட்டைப் பார்த்தே வாங்க வேண்டும். மால்ட் என்றால் பெரும்பாலும் பார்லி. தானியச் செதில்களிலும் மிட்டாய்களிலும் சுவைக்காகச் சேர்ப்பார்கள். நண்டுச் சதைபோல் செய்த மீன் பசையில் பெரும்பாலும் கோதுமை மாவுச்சத்து இருக்கும். இறைச்சிக்கு மாற்றாக விற்கும் சைட்டான் முழுக்க முழுக்கக் குளூட்டனால் ஆனது. தாவர உணவகம் என்றாலே பத்திரம் என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். பக்வீட் என்ற விதையின் பெயரில் கோதுமையைக் குறிக்கும் 'வீட்' இருந்தாலும், அதற்குக் கோதுமையோடு உறவே இல்லை. ஆனால் பக்வீட் நூடுல்ஸில் கோதுமை மாவைக் கலப்பது வழக்கம்.

கடையில் பொட்டலம் வாங்கும்போது அந்த நாட்டின் விதியைத் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும். குளூட்டன் இல்லாதது என்று எழுத வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது கோடெக்ஸ் எனப்படும் பன்னாட்டு உணவுத் தர நெறி. ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, இந்தியா எல்லாம் இந்த 20 என்ற எண்ணைத்தான் பின்பற்றுகின்றன. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இன்னும் கடுமை. அங்கே சோதனையில் குளூட்டன் தென்படவே கூடாது, ஓட்ஸுக்கு அந்த வாசகத்தைப் போடவும் முடியாது. ஐரோப்பாவில் 'மிகக் குறைந்த குளூட்டன்' என்று இன்னொரு வாசகம் உண்டு. அதற்கு 100 மில்லிகிராம் வரை அனுமதி என்பதால் அந்தப் பொட்டலத்தை நான் திரும்ப வைத்துவிடுகிறேன்.

அமெரிக்காவில் ஒரு குழி இருக்கிறது. ஒவ்வாமைப் பொருள்களைக் கட்டாயமாக அறிவிக்கச் சொல்லும் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தில் கோதுமை உண்டு. பார்லியும் ரையும் இல்லை. 'கோதுமை உள்ளது' என்ற வரி இல்லையே என்று வாங்கினால் மால்ட் வழியாகப் பார்லி வந்துவிடும். சேர்பொருள் பட்டியல் முழுவதையும் படிப்பதைத் தவிர வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் கண்ணுக்கு வேலை குறைவு. குளூட்டன் உள்ள தானியங்கள் உட்பட 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பட்டியலில் தடித்த எழுத்து போன்ற ஏதோ ஒரு வகையில் தனித்துக் காட்ட வேண்டும். 2014 டிசம்பர் முதல் உணவகங்களும் இந்தத் தகவலைக் கொடுக்கக் கடமைப்பட்டவை. அங்கே போகும்போது தயங்காமல் கேளுங்கள். சலுகை கேட்பதாக எண்ண வேண்டாம்.

'கோதுமைத் துணுக்குகள் இருக்கலாம்' என்ற எச்சரிக்கையைப் பல நாடுகளில் நிறுவனங்கள் தாமாகவே போடுகின்றன, சட்டம் கேட்பதில்லை. ஆகவே அது இல்லாத பொட்டலம் பத்திரமானது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. குளூட்டன் இல்லை என்பதைக் குறிக்க, கோதுமைக் கதிரின் மேல் குறுக்குக் கோடு போட்ட சின்னமும் அதனருகே உரிம எண்ணும் இருந்தால் நல்லது. எண் இல்லாமல் யாரோ வரைந்த கதிர்ப் படத்தை நான் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை.

இனி உணவகத்துக்குள். கூட்டம் கூடுவதற்கு முன், திறந்தவுடன் போய்விடுங்கள். எண்ணெய் புதிது, பலகை சுத்தம், சமையல்காரருக்கு நிதானம். பட்டியலில் உள்ள பெயரைக் காட்டாமல், முழு உருவத்தோடு இருக்கும் உணவைக் கேட்கிறேன்: தோலோடு சுட்ட உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, மசாலாக் கலவை தடவாமல் வாட்டிய மீன், ஆவியில் வெந்த காய். உருவம் தெரிகிற உணவில் ஒளிந்துகொள்ள இடம் குறைவு. காயை வேகவைத்தது பாஸ்தா வெந்த தண்ணீரிலா என்று மட்டும் கேட்டுவிட வேண்டும்; நேரத்தை மிச்சப்படுத்த அப்படிச் செய்யும் சமையலறைகள் உண்டு. தட்டின் ஓரத்தில் ரொட்டித் துண்டோடு வந்துவிட்டால், அதை எடுத்துவிட்டுச் சாப்பிடாதீர்கள். தட்டையே மாற்றச் சொல்லுங்கள். மாற்றிக் கொண்டுவரும்வரை பழைய தட்டை மேசையிலேயே வைத்திருப்பேன். இல்லாவிட்டால் ரொட்டியை மட்டும் எடுத்துவிட்டு அதே தட்டைத் திரும்பக் கொண்டுவர வாய்ப்பு இருக்கிறது.

இவ்வளவு கேட்கக் கூச்சமாக இருக்கும். எனக்கும் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்தது. டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கைப் பற்றி அறிந்தபோது என் கூச்சம் விலகியது. இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் அவர். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ரொட்டியே கிடைக்காமல் போனபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறியதும், ரொட்டி திரும்பி வந்தபோது மறுபடி நோயில் விழுந்ததும் அவருடைய எண்ணத்துக்கு வலுச் சேர்த்தன. 1950இல் அதை ஆய்வேடாக எழுதினார். மருத்துவ உலகுக்கே தெரிந்து ஒரு மனித ஆயுள்தான் ஆகிறது. ஒரு சமையல்காரருக்கு இது தெரியாமல் இருப்பதில் வியப்பில்லை, அவருக்கு அதை எடுத்துச் சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை.

ஆர்கானிக் பொருள்களுக்கு என் முதல் இடம் உழவர் சந்தை. ஊர் போய்ச் சேர்ந்ததும் சந்தை எந்த நாளில், எத்தனை மணிக்குக் கூடுகிறது என்று விசாரிக்கிறேன். பல ஊர்களில் வாரத்துக்கு ஒருமுறைதான்; தவறவிட்டால் அடுத்த வாரம் நாம் அங்கே இருக்க மாட்டோம். சந்தையில் இருப்பதாலேயே ஒரு காய் ஆர்கானிக் ஆகிவிடாது. மொத்த வியாபாரியிடம் வாங்கி வந்து அடுக்குபவர்களும் உண்டு. இங்கேயும் திறந்த கேள்விதான்: "உங்கள் நிலம் எங்கே இருக்கிறது?", "பூச்சி வந்தால் என்ன செய்வீர்கள்?", "இதற்கு முன் அந்த நிலத்தில் என்ன போட்டிருந்தீர்கள்?" பயிரிட்டவர் என்றால் பேச்சு நிற்காது. எந்தப் பூச்சி எந்த மாதத்தில் வரும் என்பது வரை சொல்வார். வாங்கி விற்பவர் விலையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்.

பேரங்காடியில் என்றால் சின்னத்தைப் பார்த்தே ஆக வேண்டும். ஐரோப்பாவின் பச்சை இலைச் சின்னம், அமெரிக்க வேளாண்துறையின் வட்ட முத்திரை இரண்டுக்கும் வேளாண் சேர்பொருள்களில் குறைந்தது 95 விழுக்காடு ஆர்கானிக்காக இருக்க வேண்டும். அமெரிக்காவில் 'ஆர்கானிக் பொருள்களால் செய்தது' என்று எழுத 70 விழுக்காடு போதும், அதற்கு முத்திரை கிடையாது. 'இயற்கையானது', 'பண்ணையிலிருந்து' போன்ற சொற்களுக்குப் பின்னால் இப்படிப்பட்ட சான்று இருப்பதில்லை. பொட்டலமிடாமல் விற்கும் பழங்களின் ஒட்டுச்சீட்டில் ஐந்து இலக்க எண் 9இல் தொடங்கினால் அது ஆர்கானிக்கைக் குறிக்கும். எல்லாரும் அந்த எண்ணைப் போடுவதில்லை என்பதால் துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்கிறேன். சான்றிதழுக்குச் செலவழிக்க முடியாத சிறு உழவர்கள் நல்ல விளைச்சலைக் கையில் வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்பவரிடம் முத்திரை இல்லாமலும் வாங்குவேன். குளூட்டன் விஷயத்தில் இந்தத் தளர்வு எனக்குக் கிடையாது.

அலுவலக விருந்து மிகக் கடினமான இடம். விருந்து கொடுப்பவரிடம் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் அவருக்கும் சங்கடம். நான் அறையிலேயே சாப்பிட்டுவிட்டுப் போகிறேன். அங்கே உரிக்காத பழமும் தண்ணீரும் போதும். எடுத்துப் போட்டுக்கொள்ளும் விருந்து என்றால், கரண்டிகள் இடம் மாறுவதற்கு முன் முதல் ஆளாகப் போகவும் கூசுவதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் எப்போதாவது தவறு நடக்கும். அப்போது தண்ணீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் குடித்து, படுத்து ஓய்வெடுங்கள். கடைசி மூன்று வேளைகளில் என்ன சாப்பிட்டோம் என்பதை நினைவு மங்கும் முன் எழுதி வையுங்கள். நீர்ச்சத்து குறைந்து தலைசுற்றினால் மருத்துவரிடம் போகத் தாமதிக்க வேண்டாம். பயணத்துக்கு மருந்து எடுத்துப் போனால் அதில் சேர்க்கும் மாவுச்சத்து எதனுடையது என்று மருந்தாளுநரிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

விமானம் என்றால் ஜிஎஃப்எம்எல் என்ற குறியீட்டில் உணவு சொல்ல வேண்டும். குறைந்தது ஒரு நாள் முன்பே சொல்லிவிட்டு, அதையும் நம்பியிராமல் ஒரு வேளைக்கான உணவைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய பழங்களையும் இறைச்சியையும் பல நாடுகள் எல்லையில் அனுமதிப்பதில்லை. ஆகவே இறங்குவதற்கு முன் சாப்பிட்டு முடித்துவிடுவேன்.

நல்ல இடம் ஒன்று கிடைத்துவிட்டால் வேறு இடம் தேடி அலையாதீர்கள். ஓர் ஊரில் மூன்று வாரமும் ஒரே சிறிய உணவகத்தில் சாப்பிட்டேன். நான்காம் நாள் அந்த அம்மா என்னை உள்ளே கூப்பிட்டுச் சுவரில் தனியாக மாட்டியிருந்த ஒரு சட்டியைக் காட்டினார். கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருந்தது. "இதில் மாவு படாது, இது உங்களுடையது" என்றார். ஈராண்டுகள் கழித்து அதே ஊருக்கு வேலை வந்தபோது, பெட்டியை அறையில் வைத்துவிட்டு நேராக அங்கேதான் போனேன். துணி வெளுத்திருந்தது. சட்டி அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.